புள்ளிக்கும் கட்டணம்

சென்ற பருவத் தேர்வுக்கு முந்திய வாரம் நமது துறை வாசலில் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கி நின்றார். கட்டட வேலைக்குப் போகிறவர். இளங்கலைத் தமிழ் இரண்டாம் ஆண்டில் நம்மிடம் படிக்கும் மாணவியின் தந்தை. பொத்தான் வைத்த சிறு கைபேசியை நீட்டி, "இதுதாங்க சார் வந்துச்சு. இங்கிலீஷ்ல இருந்துச்சு. எவனோ கம்பெனிக்காரன் எதையோ விக்கிறான்னு விட்டுட்டேன்" என்றார். வாங்கிப் பார்த்தோம். கல்லூரி அனுப்பியதுதான். மகளின் வருகைப்பதிவு குறைந்திருக்கிறது, இன்ன தேதிக்குள் பெற்றோர் நேரில் வந்து காரணம் கூறி அபராதம் கட்ட வேண்டும், தவறினால் தேர்வு எழுத இயலாது. தேதி முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. தாயை மருத்துவமனையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த பெண், கல்லூரிப் பக்கமே வராததால், அறிவிப்புப் பலகையையும் பார்க்கவில்லை. அந்தப் பருவத்தின் ஐந்து தாள்களையும் அவள் எழுதவில்லை.

தமிழ் படிக்கும் பெண்ணின் தமிழ்த் தந்தைக்குத் தமிழ்நாட்டுக் கல்லூரி ஏன் ஆங்கிலத்தில் செய்தி அனுப்பியது என்று வாசகர் கேட்கலாம். அந்த முடிவு எடுக்கப்பட்ட கூட்டத்தில் நாமும் இருந்தோம் என்பதால் பதில் நமக்குத் தெரியும். மொத்தக் குறுஞ்செய்திச் சேவை விற்க வந்திருந்த இளைஞர் இரண்டு மாதிரிகளைக் காட்டினார். ஆங்கில வாசகம் ஒரு செய்தி. அதையே தமிழில் எழுதினால் மூன்று செய்தி. மூன்று மடங்கு கட்டணம். மூவாயிரம் பெற்றோர், ஒரு செய்திக்கு இருபது பைசா என்று வைத்துக்கொண்டால் ஆங்கிலத்தில் 600 ரூபாய், தமிழில் 1800. வித்தியாசம் ஆயிரத்து இருநூறு ரூபாய். அந்த ஆண்டு முத்தமிழ் விழாவுக்கு வாங்கிய பொன்னாடைகளின் விலை இதைவிடக் கூடுதல். ஆனாலும் "ஆங்கிலமே இருக்கட்டும்" என்றார்கள். தமிழ்த்துறையின் சார்பில் அங்கே அமர்ந்திருந்த நாம் தேநீரைக் குடித்துக்கொண்டு தலையாட்டினோம்.

அந்த மூன்று மடங்கு எங்கிருந்து வந்தது என்று அன்றே கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் போனதற்குக் காரணம், இருபது ஆண்டுகளாகக் கேட்காமலே இருந்து பழகிவிட்டதுதான்.

குறுஞ்செய்தி பரவிய நாட்களில் இலக்கியச் சிறுபத்திரிகைகளிலும் கருத்தரங்க மேடைகளிலும் ஒரு புலம்பல் ஓயாது ஒலித்தது. இளைஞர்கள் தமிழை ரோமன் எழுத்தில் எழுதுகிறார்கள், தமிங்கிலம் பெருகுகிறது, எழுத்தை இழந்த மொழி உயிரை இழக்கும். நாமும் அப்படியொரு கட்டுரை வாசித்துக் கைத்தட்டு வாங்கியிருக்கிறோம். அதற்கு நாம் காட்டிய காரணங்களெல்லாம் மிக உயரமானவை: காலனிய மனோபாவம், உலகமயம், தாழ்வு மனப்பான்மை. முச்சந்தி ரீசார்ஜ் கடையில் ஒட்டியிருந்த கட்டண அட்டையை நம்மில் ஒருவரும் படிக்கவில்லை. படித்திருந்தால், நாம் கடிந்துகொண்ட பையன்கள் கட்டணக் கணக்கில் நம்மைக் காட்டிலும் தேர்ந்தவர்கள் என்பது விளங்கியிருக்கும்.

கணக்கு இதுதான். ஒரு குறுஞ்செய்தி என்பது 140 பைட் கொள்ளும் ஓர் உறை. ஆங்கில எழுத்து ஒன்றை ஏழு பிட்டில் அடக்கலாம் என்பதால் அந்த உறைக்குள் 160 எழுத்துகள் போகும். தமிழுக்கு யூனிகோடு முறையில் ஒவ்வொரு குறிக்கும் பதினாறு பிட் தேவை; ஆகவே 70 மட்டுமே. எழுபதைத் தாண்டினால் செய்தி உடையும். உடைந்த துண்டுகளை மறுமுனையில் ஒட்டவைக்கும் குறிப்புக்கும் இடம் வேண்டுமாதலால் துண்டுக்கு 67-தான் கொள்ளும். கட்டணம் செய்திக்கன்று, உறைக்கு.

ஓர் எடுத்துக்காட்டைக் கையால் எண்ணிப் பார்த்தோம். "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. உடனே புறப்பட்டு வா. பேருந்து நிலையத்துக்குத் தம்பி வருவான்." எந்த வீட்டிலிருந்தும் போகக்கூடிய செய்தி. நம் இலக்கணப்படி இதில் எழுத்துகள் 44. இடைவெளியும் முற்றுப்புள்ளியும் 12. ஆக 56, எழுபதுக்குள் அடங்க வேண்டும். அடங்காது. ஏனெனில் இயந்திரம் எழுத்தை எண்ணுவதில்லை, குறியை எண்ணுகிறது. 'மா' என்பதில் மகரம் ஒன்று, கால் ஒன்று. 'க்' என்பதில் ககரம் ஒன்று, புள்ளி ஒன்று. அப்படி எண்ணினால் 89. இரண்டு உறை, இரண்டு கட்டணம். இதே வாக்கியங்களை ரோமன் எழுத்தில் பெயர்த்தால், எழுத்துக்கூட்டும் பழக்கத்தைப் பொறுத்து ஒன்றிரண்டு கூடும் குறையும், அதுவும் தொண்ணூற்றைச் சுற்றியே வருகிறது. ஆனால் அது ஓர் உறை. ஒரே செய்தி, ஏறத்தாழ ஒரே எண்ணிக்கை, தமிழில் எழுதினால் இரட்டை விலை.

தொல்காப்பியம் மெய்யெழுத்துக்கு அரை மாத்திரைதான் கொடுத்தது. அகரமேறிய ககரத்துக்கு ஒரு மாத்திரை. கைபேசி நிறுவனத்தின் கணக்கில் இது தலைகீழ்: ககரத்துக்கு ஓர் இடம், ஒலி குறைந்த 'க்'குக்கு இரண்டு இடம். புள்ளி வைத்ததற்குத் தண்டம். 'வணக்கம்' என்ற ஐந்தெழுத்துச் சொல்லுக்கு ஏழு இடம். வகுப்பில் மாத்திரைக் கணக்கை நடத்தும்போதெல்லாம் இப்போது இந்த நினைவு வந்து தொலைக்கிறது.

நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்நாளைய கைபேசிகள் பலவற்றில் தமிழே கிடையாது. அனுப்புபவரிடம் இருந்தாலும் பெறுபவரின் திரையில் கட்டங்கட்டமாகத்தான் தெரியும். ஆகவே ரோமன் எழுத்துக்குப் பழி முழுவதும் கட்டணத்தின் மீது என்று நாம் சாதிக்கவில்லை. ஆனால் அந்தக் குறை நீங்கிவிட்டது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 16333 மூன்றாம் பகுதி என்ற தரத்தை ஒட்டி, அலுவல் மொழிகள் இருபத்திரண்டிலும் செய்தியைப் படிக்க இயலும் கைபேசிகளையே விற்க வேண்டும் என்று 2016-இல் நடுவண் அரசு ஆணையிட்டது. மாணவியின் தந்தை நீட்டினாரே, அந்தச் சிறு கைபேசியிலும் தமிழ் தெளிவாகவே தெரிகிறது. கருவி திருந்திவிட்டது, கட்டணம் திருந்தவில்லை.

கட்டணம் இந்த இடைக்காலத்தில் அசையாமலும் இல்லை. எத்தனை வேடங்கள் போட்டது என்பதை நினைத்தால் வேடிக்கையாகவே இருக்கிறது. தொடக்கத்தில் உள்ளூர்ச் செய்திக்கு ஒரு ரூபாய், வெளி மாநிலத்துக்கு ஒன்றரை. பிறகு 'எஸ்.எம்.எஸ். பேக்' வந்தது. இருபதோ முப்பதோ ரூபாய்க்கு ஒரு மாதம் அள்ளியிறைக்கலாம். கல்லூரி விடுதிகளில் விடியவிடிய விரல்கள் ஓயவில்லை. ஆனால் பொங்கல், தீபாவளி, ஆங்கிலப் புத்தாண்டு வந்தால் அந்தப் பேக் செல்லாது. 'பிளாக்-அவுட் டே' என்று அதற்குப் பெயர். முந்திய நாள் ஏறக்குறைய இலவசமாகப் போன அதே வாழ்த்து, பண்டிகையன்று முழு ரூபாய். ஒரு பொங்கலன்று பழைய மாணவர்களுக்கெல்லாம் வரிசையாகப் பதில் வாழ்த்து அனுப்பிவிட்டு, மாலையில் ஓர் அவசர அழைப்புக்குக் காசில்லாமல் கைபேசியைப் பார்த்துக்கொண்டு நின்ற அனுபவம் நமக்குண்டு. எந்த நிறுவனம் என்பது முக்கியமில்லை. எல்லாம் ஒரே தெருவின் கடைகள்.

இந்தப் பண்டிகை நாள் கதையை நாம் வேண்டுமென்றேதான் இழுக்கிறோம். தமிழுக்கு இரட்டைக் கட்டணம் ஏன் என்று கேட்டால் தொழில்நுட்பம் அறிந்த நண்பர்கள் ஒரு பதிலைச் சொல்வார்கள்: "உங்கள் எழுத்து பருமனானது; கூடுதல் இடம் அடைக்கிறது; கூடுதல் காசு தருவதுதானே நியாயம்?" கேட்பதற்கு நியாயம்போலவே இருக்கும். அப்படியானால் பொங்கலன்று மட்டும் ஆங்கில எழுத்தும் பருத்துவிட்டதா? பிட்டுக்கும் விலைக்கும் ஓர் உறவு இருந்திருந்தால் பண்டிகைக்கு ஏன் விலை ஏறியது? இந்த வணிகத்தில் குறுஞ்செய்தியின் விலை ஒருநாளும் அதன் செலவை ஒட்டி வைக்கப்படவில்லை. மனிதர்களுக்கு எப்போது தேவை மிகுதியோ அப்போது ஏறியது, எங்கே போட்டி மிகுதியோ அங்கே இறங்கியது. தமிழ் என்று வரும்போது மட்டும் திடீரெனப் பொறியியல் பேசுகிறார்கள்.

செலவு எவ்வளவு என்பதற்கு அரசு ஏட்டிலேயே ஓர் எண் உண்டு. ஒரு நிறுவனத்தின் வலையிலிருந்து வரும் குறுஞ்செய்தியை மற்றொரு நிறுவனம் தன் வாடிக்கையாளரிடம் சேர்ப்பிப்பதற்கான கட்டணத்தைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2013 மே மாதத்தில் நிர்ணயித்தது: 2 பைசா. சேர்ப்பிக்கும் பாதிக்குத்தான் இந்த எண் என்பது உண்மையே. அனுப்பும் பாதிக்கும் அதே அளவைப் போட்டுக்கொள்ளுங்கள், மேலே இலாபமும் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு ரூபாய் வருகிறதா? அயலூர் சென்றிருக்கும்போது அனுப்பும் செய்திக்கான உச்சவரம்பை 2015-இல் இதே ஆணையம் ஒரு ரூபாயிலிருந்து 25 பைசாவாகக் குறைத்தபோது எந்த நிறுவனமும் கடையை மூடிவிடவில்லை. இரண்டு உறைகளை ஓர் உறையின் விலைக்கு ஏற்றிச் சென்றால் குடி முழுகிப் போகும் என்பதை இந்த எண்களை வைத்துக்கொண்டு யாரும் நம்மை நம்பவைக்க முடியாது.

பின்னர் நடந்தவையும் இதே கதைதான். விளம்பரத் தொல்லையை ஒழிக்கிறோம் என்று 2011 செப்டம்பரில் ஒரு சிம்முக்கு நாளொன்றுக்கு நூறு செய்தி என்று ட்ராய் வரம்பு கட்டியது. நவம்பரில் அதை இருநூறாக்கியது. தனிமனிதர்கள் தமக்குள் அனுப்பிக்கொள்ளும் செய்திக்கு இப்படி வரம்பு கட்டுவது பேச்சுரிமையைப் பாதிக்கிறது என்று 2012 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம் அதைத் தள்ளிவிட, நவம்பரில் வேறு வழி கண்டுபிடித்தார்கள். நூறுக்கு மேற்பட்ட ஒவ்வொரு செய்திக்கும் குறைந்தது 50 பைசா வசூலிக்க வேண்டும் என்றார்கள். உச்சவரம்பன்று, குறைந்தபட்ச விலை; மலிவாகத் தருகிறேன் என்று நிறுவனம் முன்வந்தாலும் தரக்கூடாது. இது 2020 வரை நீடித்தது. அந்த நாளில் ஓர் அஞ்சலட்டையின் விலையும் ஐம்பது பைசாதான். அஞ்சலட்டையில் நுணுக்கி எழுதினால் அரைக் குடும்ப வரலாறே அடங்கும். எந்த மொழியில் எழுதினாய் என்று அஞ்சல்காரர் கேட்டதில்லை.

அஞ்சலட்டை இந்தக் கதைக்குள் வருவது நம் கற்பனையும் அன்று. 160 எழுத்து போதும் என்ற முடிவுக்கு 1980-களின் நடுவில் வந்தவர் பிரீட்ஹெல்ம் ஹில்லெப்ராண்ட் என்னும் ஜெர்மானியப் பொறியாளர். தட்டச்சில் வாக்கியங்களை அடித்து எண்ணிப் பார்த்தார்; அஞ்சலட்டைகளையும் டெலெக்ஸ் செய்திகளையும் ஆராய்ந்து, பெரும்பாலானவை 150 எழுத்துக்குள் முடிகின்றன என்று கண்டார். அவரிடம் குற்றம் காண நமக்கு ஏதுமில்லை. தம் ஊர் அஞ்சலட்டையைத்தான் ஒருவர் பார்க்க முடியும். குற்றம், அந்த அளவுகோலை இங்கே கொண்டுவந்து நம் எழுத்தின் மீது வைத்து, மிஞ்சியதற்கெல்லாம் காசு வாங்கியவர்களுடையது.

மாற்று இல்லை என்றும் சொல்ல இயலாது. கைபேசித் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி என்ற பன்னாட்டு அமைப்பு, பிறமொழி எழுத்துகளையும் ஏழு பிட்டிலேயே அடக்கும் மாற்று அட்டவணைகளை வகுத்தது. 2008-ஐச் சேர்ந்த எட்டாம் வெளியீட்டில் துருக்கி மொழிக்கு அட்டவணை வந்தது. ஒன்பதாம் வெளியீட்டில் இந்திய மொழிகளுக்கு வந்தது. தமிழுக்கும் அதில் ஓர் அட்டவணை இருக்கிறது. அதன்படி அனுப்பினால் ஓர் உறைக்குள் 150-க்கு மேற்பட்ட தமிழ்க் குறிகள் போகும். நாம் மேலே எண்ணிய 89 அதில் ஒரே உறையில் அடங்கி, இடமும் மிஞ்சும். இதற்குக் கைபேசியும் வலையமைப்பும் இரண்டுமே ஒத்துழைக்க வேண்டும் என்பது மெய்தான். ஒத்துழைக்கச் செய்வதற்குத்தானே ஒழுங்குமுறை ஆணையம்? இன்றைக்கும், எஞ்சிய இடத்தைக் காட்டும் கைபேசியில் தமிழ் எழுத்து ஒன்றைத் தட்டிப் பாருங்கள். 160 என்ற எண் ஒரே சரிவாக 70-இல் வந்து விழும்.

"இப்போது யார் ஐயா குறுஞ்செய்தி அனுப்புகிறார்கள்? எல்லாம் வாட்ஸ்அப் ஆகிவிட்டதே" என்று இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் நினைப்பது நமக்குத் தெரிகிறது. நம் வீடுகளில் ஆகிவிட்டதுதான். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் இணையத்தோடு சேர்த்து நாளொன்றுக்கு நூறு குறுஞ்செய்தி என்பது கொசுறாகிப்போனது. கொசுறுக்கு யார் கணக்குப் பார்ப்பார்? ஆனால் இணையம் வாங்காதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2021 இறுதியில் கட்டணங்கள் ஏறியபோது மிக மலிந்த திட்டங்கள் சிலவற்றில் வெளிச்செல்லும் குறுஞ்செய்தியே இல்லாமல் போனது. வேறு நிறுவனத்துக்கு மாற வேண்டுமானால் 1900 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும்; திட்டத்திலோ குறுஞ்செய்தி கிடையாது. வெளியே போகும் கதவை உள்ளிருந்து பூட்டிய வேலை. அவ்வாண்டு டிசம்பரில் ட்ராய் தலையிட்டு, எந்தத் திட்டத்தில் இருப்பவரும் அந்த ஒரு செய்தியை அனுப்ப வழிவிட வேண்டும் என்று உத்தரவிட வேண்டியிருந்தது.

பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் போதும், இணையம் வேண்டாம் என்பவர்களுக்குத் தனித் திட்டம் தந்தாக வேண்டும் என்று 2024 டிசம்பரில் இதே ஆணையம் விதித்தது. நல்ல விதிதான், முதியவர்களுக்கும் கூலிக்காரர்களுக்கும் உதவுவது. 2025 ஜனவரியில் அப்படி வந்த திட்டங்களில் 84 நாளுக்கு 900 செய்தி, 1000 செய்தி என்று கொடுத்தார்கள். 900 என்றால் நாளொன்றுக்குப் பத்துக்குச் சற்று மேல். நாம் எண்ணிய செய்தியைப் போன்றவற்றைத் தமிழில் அனுப்பினால் நாளுக்கு ஐந்து. இணையம் இல்லாதவர்கள், ஆங்கிலம் அறியாதவர்கள், யாருக்காக அந்த விதி வந்ததோ அவர்களுக்கே பாதி. விதியை எழுதியவர்கள் ஆங்கிலத்தில் எண்ணியிருக்கிறார்கள்.

அதைவிடப் பெரிது, அனுப்புபவர் மக்களாக இல்லாத இடம். இன்று குறுஞ்செய்தி உயிரோடிருப்பது வங்கி, மருத்துவமனை, மின்வாரியம், பள்ளி, கல்லூரி ஆகியவற்றின் அறிவிப்புகளில்தான். ஒவ்வொன்றும் உறைக்கு இவ்வளவு என்று விலை கொடுக்கிறது. ஒவ்வொன்றிலும் நம் கல்லூரியில் நடந்தது போன்ற ஒரு கூட்டம் நடந்திருக்கும். யாரோ ஒருவர் பெருக்கிப் பார்த்து "ஆங்கிலமே இருக்கட்டும்" என்றிருப்பார். ஓய்வூதியம் வரவானதைச் சொல்லும் செய்தியை நம் தாயார் மாதந்தோறும் நம்மிடம் நீட்டி, "வந்துடுச்சான்னு பாருப்பா" என்கிறார். எட்டாம் வகுப்புவரை படித்தவர். நாளிதழை வரி விடாமல் வாசிப்பவர். தம் பணத்தைப் பற்றித் தமக்கு வந்த கடிதத்தைப் பிறர் வாசித்துச் சொல்லக் கேட்கிற நிலையில் அவரை வைத்திருக்கிறோம்.

கேட்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு செய்தி எத்தனை உறையில் போனாலும், எந்த எழுத்தில் எழுதினாலும், 160 எழுத்துவரை அதை ஒரே செய்தியாகக் கணக்கிடு என்று ட்ராய் ஒரு வரி எழுதினால் போதும். நூறா இருநூறா என்று எண்ணிப் பார்க்கவும், குறைந்தது ஐம்பது பைசா வாங்கு என்று கட்டளையிடவும் தெரிந்த ஆணையத்துக்கு இதையும் எழுதத் தெரியும். செம்மொழி என்று 2004-இல் அறிவிக்கப்பட்டதைக் கொண்டாடும் நம் அமைப்புகள், தீர்மானம் போடும் பழக்கத்தை விடாதவை, ஒரு தீர்மானத்தை இதற்கும் ஒதுக்கலாம். ரோமன் எழுத்தில் எழுதிய பிள்ளைகளை மேடையில் ஏசியதற்கு நாம் செலவிட்ட நேரத்தில் பத்தில் ஒரு பங்கு போதும்.

கல்லூரியில் அடுத்த கூட்டம் இம்மாதக் கடைசியில். மாதிரி ஒன்றை எழுதி வைத்திருக்கிறோம்: "தங்கள் மகளின் வருகை குறைவு. 14ஆம் தேதிக்குள் கல்லூரிக்கு வரவும்." அபராதத்தை விட்டோம், காரணத்தை விட்டோம், 'அன்புடையீர்' போயிற்று. எண்ணினால் 64. ஓர் உறைக்குள் அடங்குகிறது. கல்லூரியின் பெயரைச் சேர்த்தால் எழுபதைத் தாண்டி இரண்டாகிவிடும். பெயர் இல்லாமல் அனுப்பினால், அவர் மறுபடியும் எவனோ கம்பெனிக்காரன் என்றுதான் நினைப்பார்.